குற்றவாளிக் கூண்டில் யார்? பழைய தீர்ப்புகளைச் சங்கீதங்கள் எடுத்தாளும் விதம்

"யாத்திராகமத்தில் வாதைகள் பத்து. ஆனால் சங்கீதம் 78லும் 105லும் அதே எகிப்துக் கதை வரும்போது பத்தும் இல்லை, வரிசையும் வேறு. பாடினவருக்கு மறந்துபோயிற்றா, அல்லது அவர் கையில் இருந்தது வேறு பிரதியா? பழைய ஆகமங்களில் உள்ள தேவ நியாயத்தீர்ப்புகளைச் சங்கீதங்கள் எப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன?" இதுதான் கேள்வி. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்தான் இப்படிக் கேட்க முடியும், அதனால் நானும் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். சங்கீதங்கள் பழைய ஏற்பாட்டின் பாட்டுகள்; வாதைகள் என்பவை இஸ்ரவேலரை விடுவிக்க மறுத்த எகிப்தின்மேல் தேவன் அனுப்பினவை. வசன எண்கள் நம் தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி. எபிரெயத்தில் தலைப்பையும் பல இடங்களில் ஒரு வசனமாக எண்ணுவதால் சிலவற்றில் ஒன்று கூடும்.

யாத்திராகமம் 7 முதல் 12 வரை: இரத்தம், தவளை, பேன், வண்டு, கால்நடைக் கொள்ளைநோய், கொப்புளம், கல்மழை, வெட்டுக்கிளி, இருள், தலைச்சன் சாவு. சங்கீதம் 78:44-51ல் இரத்தம், வண்டு, தவளை, வெட்டுக்கிளி, கல்மழை, கொள்ளைநோய், தலைச்சன். பேனும் கொப்புளமும் இருளும் காணோம். அதிலும் 48ஆம் வசனத்தில் கால்நடைகளைக் கல்மழைக்கு ஒப்புக்கொடுத்தார் என்று வருகிற இடத்தில், ஓரிரு எபிரெயக் கையெழுத்துப் பிரதிகள் கல்மழைக்குப் பதிலாகக் கொள்ளைநோய் என்று வாசிக்கின்றன. பாராத் என்பது கல்மழை, தேபெர் என்பது கொள்ளைநோய், இரண்டுக்கும் அதே மூன்று எழுத்துகள்தான், வரிசை மட்டும் வேறு. படியெடுத்தவர் கண் ஒரு கணம் தடுமாறினால் போதும்.

சங்கீதம் 105:28-36க்கு வாருங்கள். அங்கே முதல் வாதையே இருள். யாத்திராகமத்தில் ஒன்பதாவதாக வருவது இங்கே தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் இரத்தம், தவளை, வண்டு, பேன், கல்மழை, வெட்டுக்கிளி, தலைச்சன். கால்நடை நோயும் கொப்புளமும் இல்லை. ஆக இங்கே எட்டு.

மறதி என்று நான் நினைக்கவில்லை. 78ல் 72 வசனங்கள். 119ஐ விட்டால் சங்கீதங்களிலேயே நீளமானது அதுதான். அவ்வளவு நுணுக்கமாகக் கட்டியவருக்குப் பத்து எண்ணத் தெரியாதா என்ன. வேறு மரபுகள் புழக்கத்தில் இருந்தன என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, ஐந்தாகமத்துக்குள்ளேயே (ஆதியாகமம் முதல் உபாகமம் வரை) பல இழைகள் பின்னிக் கிடக்கின்றன, அவற்றில் ஒன்றின் வாதைப் பட்டியல் 78க்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்பார்கள். அதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்பது கண்ணில் படாமல் போய்விடும். ஒவ்வொரு சங்கீதமும் குற்றவாளிக் கூண்டில் யாரை ஏற்றுவது என்று முதலில் முடிவுசெய்துகொள்கிறது. பழைய பதிவிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது, எதை முன்னால் வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

105ல் கூண்டில் நிற்பது எகிப்து மட்டும். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கைத் தேவன் நினைத்தார் என்று தொடங்கி (8ஆம் வசனம்), அதே வாக்கை நினைத்தார் என்று முடிகிறது (42ஆம் வசனம்). நடுவில் இஸ்ரவேலின் குற்றம் ஒன்றுகூட இல்லை, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அந்த இருள் ஏன் முதலில் என்பதற்கு நான் படித்ததில் எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று: படைப்பில் முதலில் உண்டானது வெளிச்சம், ஆகவே எகிப்தைப் பிரித்துப்போடத் தொடங்குகிறவர் முதலில் வெளிச்சத்தை எடுக்கிறார். அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பாட்டின் தொனிக்கு ஒத்துவருகிறது.

78ல் வாதைகள் வரும் இடத்தைப் பாருங்கள். கதை ஓட்டப்படி செங்கடலுக்கு முன்னால் வரவேண்டியவை, வனாந்தரக் கலகமெல்லாம் சொல்லி முடித்த பிறகு 42, 43ஆம் வசனங்களுக்குப் பின்னால் வருகின்றன: அவருடைய கரத்தையும், எகிப்தில் அவர் செய்த அடையாளங்களையும் அவர்கள் நினைக்கவில்லை, அவை என்னவென்றால்... என்று பட்டியல் ஓடுகிறது. வாதைகள் இங்கே எகிப்தைக் குற்றம்சாட்டச் சொல்லப்படவில்லை. இஸ்ரவேல் எதையெல்லாம் மறந்தது என்பதற்குச் சான்றாகச் சொல்லப்படுகின்றன. அதே தவளைகள்தான், ஆனால் கூண்டில் ஆள் மாறிவிட்டது.

ஒரு கிளைக்கதை. 78:49ல் தமது உக்கிர கோபம், மூர்க்கம், சினம், உபத்திரவம், தீங்குசெய்யும் தூதர்கள் என்று அடுக்கி வரும். பஸ்கா இரவில் யூதர்கள் வாசிக்கும் அகாதாவில் இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ரபிகள் கணக்குப் போடுகிறார்கள். எகிப்தில் பட்டது தேவனுடைய விரல், கடலில் பட்டது அவருடைய கை, கைக்கு விரல் ஐந்து, ஆகவே எகிப்தில் 10 என்றால் கடலில் 50. ரபி எலியேசர் இந்த வசனத்தைப் பிரித்து ஒவ்வொரு வாதையும் நான்கு மடங்கு என்பார்: 40, கடலில் 200. ரபி அகிபா ஐந்து மடங்கு என்பார்: 50, கடலில் 250. ஏழே வாதைகளைச் சொன்ன சங்கீதத்திலிருந்து இருநூற்றைம்பது கிளம்பிவிட்டது.

சரி, இதே வேறுபாட்டை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் காடைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணாகமம் 11ல் ஜனங்கள் வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவைச் சலித்துக்கொண்டு இறைச்சி கேட்கிறார்கள். ஒரு மாதம் தின்பீர்கள், மூக்கு வழியாக வரும்வரை தின்பீர்கள் என்று பதில் வருகிறது. கடலிலிருந்து காற்று காடைகளை அடித்துக்கொண்டு வந்து பாளயத்தைச் சுற்றிப் போடுகிறது. (இது வெறும் கற்பனைக் காட்சி இல்லை, காடைகள் பருவம்தோறும் மத்தியதரைக் கடலைத் தாண்டிப் பறந்து களைத்துப்போய் சீனாய்க் கரையில் தாழ இறங்கும், வலைபோட்டுப் பிடிப்பார்கள்.) இறைச்சி பல்லிடுக்கில் இருக்கும்போதே, மென்று முடிப்பதற்குள், கோபம் மூண்டு வாதை அடிக்கிறது. செத்தவர்களைப் புதைத்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா, அதாவது இச்சையின் கல்லறைகள், என்று பெயர்.

சங்கீதம் 105:40 இதை ஒரே வரியில் சொல்கிறது: கேட்டார்கள், காடைகளைக் கொண்டுவந்தார், வானத்து அப்பத்தினால் திருப்தியாக்கினார். அவ்வளவுதான். பல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. பொய் சொல்கிறாரா? இல்லை. யாத்திராகமம் 16லும் காடைகள் வருகின்றன, சாயங்காலம் காடை, காலையில் மன்னா, அங்கே தண்டனை கிடையாது. 105 அந்தப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு எண்ணாகமத்தை மூடி வைத்துவிட்டது. 78:30-31 எண்ணாகமத்தைத் திறந்து வைத்திருக்கிறது, போஜனம் வாயில் இருக்கும்போதே தேவகோபம் எழும்பிற்று என்று அந்தப் பல்லிடுக்கை விடாமல் பிடித்துக்கொள்கிறது. 106:15 இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று செய்கிறது: கேட்டதைக் கொடுத்தார், ஆத்துமாக்களிலோ இளைப்பை அனுப்பினார். வாதை உள்ளே போய்விட்டது. அங்கே ஆத்துமா என்று நாம் வாசிக்கிற எபிரெயச் சொல் நெபேஷ். அதற்கு உயிர் என்றும் தொண்டை என்றும் பொருள் உண்டு. இறைச்சி இறங்குகிற அதே தொண்டையில் மெலிவு இறங்குகிறது. ஒரே நிகழ்ச்சி, ஒன்றில் விருந்து, ஒன்றில் மரண தண்டனை, ஒன்றில் நோய்.

105ம் 106ம் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதே ஒரு தொகுப்பாளரின் வேலை என்று எனக்குத் தோன்றும். முன்னதில் தேவன் நினைத்தார், பின்னதில் இவர்கள் மறந்தார்கள். 106ன் ஆறாம் வசனத்தைக் கவனியுங்கள்: எங்கள் பிதாக்களோடு நாங்களும் பாவம் செய்தோம் என்று தொடங்குகிறது. அப்பன் தாத்தாவைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பார்வையாளர் பெஞ்சில் உட்காரவில்லை, பாடுகிறவரும் கூடவே ஏறி நிற்கிறார். இப்படிப்பட்ட வரலாற்றை யாராவது கோவிலில் பாட்டாகப் பாடுவார்களா என்று யோசித்துப் பாருங்கள், ராஜாக்களின் மெய்க்கீர்த்தி படித்துப் பழகின நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கும்.

அந்த 106ல் விட்டதும் சேர்த்ததும் நிறைய. ஜனங்கள் செய்து வணங்கின பொன் கன்றுக்குட்டி வருகிறது, ஆனால் யாத்திராகமம் 32ல் லேவியர் வாளால் வெட்டின 3,000 பேர் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நையாண்டி சேர்கிறது: தங்கள் மகிமையைப் புல் தின்கிற மாட்டின் உருவத்துக்கு மாற்றிக்கொண்டார்களாம். புல் தின்பது யாத்திராகமத்தில் கிடையாது, பாடினவர் கைச்சரக்கு. அடுத்து, மோசே திறப்பிலே நிற்கிறான். நம் ஜெபக்கூட்டங்களில் "திறப்பிலே நிற்கிறவர்கள்" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை இது, எசேக்கியேல் 22:30லிருந்தும் இங்கிருந்தும் வந்தது. ஆனால் படத்தை நினைத்துப் பாருங்கள். திறப்பு என்றால் முற்றுகையில் மதில் இடிந்த இடம். எதிரி அந்த வழியாகத்தான் நுழைவான், அதனால் ஒரு வீரன் அங்கே போய் நிற்பான். இங்கே அந்த ஓட்டை வழியாக வரப்போகிறது பெலிஸ்தனும் இல்லை அமலேக்கியனும் இல்லை, தேவனுடைய உக்கிரம். மோசே அவரை எதிர்கொண்டு நிற்கிறான்.

அடுத்து பினெகாஸ். எண்ணாகமம் 25ல் இஸ்ரவேலர் பாகால்பேயோர் என்ற அந்நிய தெய்வத்தை வணங்கின விவகாரம், வாதையில் 24,000 பேர் சாகிறார்கள், ஆரோனின் பேரன் பினெகாஸ் ஈட்டியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய் சிம்ரி என்ற இஸ்ரவேலனையும் கஸ்பி என்ற மீதியானியப் பெண்ணையும் ஒரே குத்தாகக் குத்துகிறான். சங்கீதத்தில் ஈட்டியே இல்லை. பினெகாஸ் எழுந்து நின்று நியாயம் செய்தான், வாதை நின்றது என்று மட்டும் வருகிறது. அந்த "நியாயம் செய்தான்" என்கிற வினைச்சொல்லும் ஜெபம் என்பதற்கான எபிரெயச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அராமிய மொழிபெயர்ப்பு அதை ஜெபித்தான் என்றே எடுத்துக்கொண்டது. யூத மரபின் விளக்க நூலான தல்மூதில் ஒரு ரபி, அப்படி இல்லை, அவன் தன்னைப் படைத்தவரோடேயே வழக்காடினான் என்று வாசிக்கிறார். பிறகு அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று முடிகிறது, ஆதியாகமம் 15:6ல் ஆபிரகாமின் விசுவாசத்துக்குச் சொன்ன அதே சொற்றொடர். ஈட்டியைக் கையிலிருந்து வாங்கிவிட்டு ஆபிரகாமுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாகிவிட்டது.

ஜனங்கள் தண்ணீருக்காக வாதாடின மேரிபாவும் அப்படித்தான். எண்ணாகமம் 20ல் கன்மலையை இரண்டு தரம் அடித்ததற்காக மோசேக்கு வாக்குத்தத்த தேசம் இல்லை என்று தீர்ப்பு. 106:32 அவர்கள் நிமித்தம் மோசேக்குப் பொல்லாப்பு வந்தது என்கிறது. உபாகமம் 1:37லும் மோசே வாயாலேயே அப்படித்தான் வருகிறது.

இதைவிட முக்கியமானது 26, 27ஆம் வசனங்கள். கானானை வேவுபார்த்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஜனங்கள் கலகம்செய்த கதைக்கு எண்ணாகமம் 14ல் கிடைத்த தீர்ப்பு, இந்தத் தலைமுறை வனாந்தரத்தில் விழும் என்பது. சங்கீதம் அதைச் சொல்லிவிட்டு, அவர்கள் சந்ததியை ஜாதிகளுக்குள்ளே சிதறடிப்பேன் என்று ஆணையிட்டார் என்றும் சேர்க்கிறது. எண்ணாகமம் 14ல் அது இல்லை. எசேக்கியேல் 20:23ல் இருக்கிறது, பாபிலோன் சிறையிருப்பு காலத்துக் குரல். ஏன் சேர்த்தார் என்பது 47ஆம் வசனத்தில் தெரிந்துவிடும்: எங்களை ஜாதிகளிலிருந்து சேர்த்தருளும். பாடுகிறவர் சிதறிப்போனவர்களில் ஒருவர், தன் தண்டனையின் முதல் தேதியைத் தேடிக்கொண்டு பின்னால் போகிறார், வேவுகாரர் திரும்பிவந்த காதேசில் போய் நிற்கிறார். இன்னொன்று: 1 நாளாகமம் 16ல் தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரும்போது பாடினதாக வரும் பாட்டில் 105ன் முதல் பதினைந்து வசனங்களும் 106ன் முதல் வசனமும் கடைசி இரண்டு வசனங்களும் இருக்கின்றன. எகிப்தின் வாதையும் போயிற்று, வனாந்தரத்தின் வாதையும் போயிற்று. கொண்டாட்ட நாளில் யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊர் பேர் சொல்லி நினைவுகூர்பவை. பேர் சொல்லாமல் ஒரு சொல்லை மட்டும் வைத்து ஞாபகப்படுத்துகிறவையும் உண்டு, என்னைக் கேட்டால் அவைதான் ருசி. சங்கீதம் 11:6ல் துன்மார்க்கர்மேல் அக்கினியும் கந்தகமும் வருகின்றன, வருஷிக்கப்பண்ணுவார் என்று வினை. வானத்து அக்கினியில் அழிந்த சோதோம் என்ற ஊரின் பேரே இல்லை, ஆனால் ஆதியாகமம் 19:24ஐ வாசித்த காதுக்கு அந்த மூன்று சொற்களும் போதும். தமிழிலும் இரண்டு இடத்திலும் அதே "வருஷிக்க" நிற்கிறது, மொழிபெயர்த்தவர்களுக்கு நன்றி.

எல்லா இடத்திலும் அந்த நன்றியைச் சொல்ல முடியாது. 29:10ல் கர்த்தர் ஜலப்பிரவாகத்தின்மேல் வீற்றிருக்கிறார் என்று வாசிக்கிறோம். ஏதோ ஆற்று வெள்ளம் என்று கடந்துபோவோம். எபிரெயத்தில் அந்தச் சொல் மப்பூல். நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்கு ஆதியாகமம் வைத்த தனிச்சொல் அது, ஆதியாகமத்துக்கு வெளியே எபிரெய வேதம் முழுவதிலும் இந்த ஒரே வசனத்தில்தான் வருகிறது. பிரளயம் என்று போட்டிருந்தால் தமிழ் வாசகருக்கும் முதுகில் சில்லென்று இருந்திருக்கும்.

95 இன்னும் மோசம். "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்" என்கிற பிரபலமான இடம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அடுத்து, வனாந்தரத்தில் கோபமூட்டினபோதும் சோதனைநாளிலும் என்று வரும். எபிரெயத்தில் அங்கே இருப்பவை மேரிபா, மாசா என்ற இரண்டு ஊர்ப்பெயர்கள், யாத்திராகமம் 17:7ல் மோசே இட்ட பெயர்கள். கிரேக்க மொழிபெயர்ப்பு பெயர்களைப் பொருள்பெயர்த்தது, எபிரெயர் நிருபம் அந்தக் கிரேக்கத்தையே மேற்கோள் காட்டியது, நம் பழைய தமிழும் அந்த வழியிலேயே போய்விட்டது. யாத்திராகமத்தில் மாசா, மேரிபா என்று வாசித்தவர் இங்கே வந்து அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்று அறியவே மாட்டார். 1995ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருவிவிலியம் மெரிபா, மாசா என்று பெயர்களையே வைத்திருக்கிறது, அந்த விஷயத்தில் அது மேல். போகிறபோக்கில் சங்கீதம் 81:7ஐயும் பாருங்கள். யாத்திராகமத்தில் மேரிபாவில் தேவனைச் சோதித்தது ஜனங்கள். 81ல் தேவன் பேசுகிறார், மேரிபாவின் தண்ணீரிடத்தில் நான் உன்னைச் சோதித்தேன் என்கிறார். பரீட்சைத் தாளைத் திருத்தினவர் யார் என்பதே தலைகீழாகிவிட்டது.

78க்கு ஒருமுறை திரும்புகிறேன், அதன் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட மனமில்லை. 60ஆம் வசனத்திலிருந்து, உடன்படிக்கைப் பெட்டி முன்பு இருந்த ஊரான சீலோ வருகிறது. 1 சாமுவேல் 4ன் கதை: உடன்படிக்கைப் பெட்டி பெலிஸ்தர் கையில் போயிற்று, காலாட்படையில் 30,000 பேர் விழுந்தார்கள், ஆசாரியன் ஏலியின் மகன்கள் இருவரும் செத்தார்கள், 98 வயது ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தான், மருமகள் பிரசவித்துக்கொண்டே இக்கபோத் என்று பெயரிட்டுவிட்டு உயிரை விட்டாள். சங்கீதம் இதையெல்லாம் இரண்டு துண்டாக்குகிறது: ஆசாரியர்கள் பட்டயத்தால் விழுந்தார்கள், விதவைகள் அழவில்லை. அந்த இரண்டாவது துண்டை வாசிக்கும்போது எனக்கு அந்த மருமகள்தான் கண்முன் வருவாள், அழ நேரம் கிடைக்காத விதவை. சாமுவேல் புத்தகம் சீலோ அழிந்தது என்று சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். சீலோவைத் தேவன் கைவிட்டார் என்று சொல்வது இந்தச் சங்கீதமும் எரேமியாவும்தான் (7, 26 அதிகாரங்கள்). சீலோ என்று அடையாளம் காணப்பட்ட கிர்பெத் சேலூன் மேட்டை தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் குழு 1981 முதல் 1984 வரை தோண்டியபோது கி.மு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பெருந்தீயில் அழிந்த அடுக்கு கிடைத்தது.

உடனே 66ஆம் வசனம், தம் சத்துருக்களைப் பின்புறமாக அடித்தார் என்கிறது. துரத்தியடித்தார் என்று நாகரிகமாக எடுத்துக்கொள்ளலாம். 1 சாமுவேல் 5ல் பெட்டியை வைத்திருந்த அஸ்தோத்காரர்களுக்கு வந்தது மூலவியாதி என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. பாடினவர் சிரித்துக்கொண்டேதான் பாடியிருக்க வேண்டும். பெலிஸ்தர் அடிபட்டார்கள், ஆனால் தீர்ப்பின் முழு எடை வடக்குக் கோத்திரமான எப்பிராயீம்மேல் விழுகிறது: 67ஆம் வசனத்தில் அவன் தள்ளப்படுகிறான், யூதாவும் சீயோனும் தாவீதும் தெரிந்துகொள்ளப்படுகிறார்கள். எகிப்து, வனாந்தரம், சீலோ என்று இவ்வளவு தூரம் சுற்றினது இந்த அரசியல் முடிவுக்கு வரத்தான். அதை ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லை.

வேறொரு வகை, பழைய தீர்ப்பைக் காட்டிப் புதிய தீர்ப்பு கேட்பது. வக்கீல் முன்தீர்ப்பை எடுத்து நீட்டுகிற மாதிரி. சங்கீதம் 83ல் பத்து ஜாதிகள் கூட்டுச்சதி செய்கின்றன, ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, அசூர் எல்லாம் ஒரே அணியில். இப்படி ஒரு கூட்டணி நடந்ததாக வரலாற்றுப் புத்தகங்களில் இல்லை. பாடுகிறவர் நியாயாதிபதிகள் புத்தகத்தைத் திறந்து வழக்குகளை அடுக்குகிறார்: கீசோன் ஆற்றங்கரையில் சிசெரா, யாபீன், கிதியோன் காலத்து ஓரேப், சேப், சேபா, சல்முனா. இவர்களுக்குச் செய்ததை அவர்களுக்கும் செய்யும். சிசெராவைக் கொன்ற யாகேலின் கூடார ஆணி இல்லை, தெபோராள் இல்லை, கிதியோனின் முந்நூறு பேர் இல்லை. மனிதக் கை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் வைக்கிறார். எந்தோரில் அழிந்தார்கள் என்று ஓர் ஊர்ப்பெயரும் சேர்கிறது, அது நியாயாதிபதிகள் 4லும் இல்லை 5லும் இல்லை. ஆக அவருக்குத் தெரிந்த கதை நம் கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது.

136 பற்றி ஒரு வார்த்தை. நம் ஆலயங்களில் இதை மாற்றி மாற்றி வாசிப்பார்கள், முன்பாதி ஒருவர், பின்பாதி சபை. "எகிப்தியருடைய தலைச்சன்களைச் சங்கரித்தவரை" என்று முன்னாலிருந்து வரும், "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று போதகர், பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். எமோரியரின் ராஜா சீகோனைக் கொன்றார், கிருபை. பாசானின் ராஜா ஓகைக் கொன்றார், கிருபை. சின்ன வயதில் நான் ஓகுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். 26 வசனங்களில் 26 தடவை வருகிற அந்தப் பல்லவி தீர்ப்பை மென்மையாக்கவில்லை. பார்வோன் கையில் செங்கல் அறுத்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் பார்வோன் கடலில் விழுந்ததுதான் கிருபை என்று பச்சையாகச் சொல்கிறது.

கிருபை என்றதும் யாத்திராகமம் 34:6-7 ஞாபகத்துக்கு வரவேண்டும். கன்றுக்குட்டிக்குப் பிறகு தேவன் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் வாக்கியம்: இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர், ஆனாலும் குற்றவாளியைத் தப்பவிடாதவர், பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கிறவர். சங்கீதம் 86:15, 103:8, 145:8 மூன்றும் முதல் பாதியை எடுத்துக்கொள்கின்றன. இரண்டாம் பாதி எங்கே? 103 அந்த இடத்தில் வேறொன்றை வைக்கிறது, அவர் எப்போதும் கடிந்துகொள்ளார், என்றைக்கும் கோபம் கொண்டிரார் என்று. காரணமாக, நாம் மண்ணென்று நினைவுகூருகிறார் என்றும் சொல்கிறது, அந்த மண் ஆதியாகமம் 3:19ல் ஆதாமுக்குக் கிடைத்த தீர்ப்பின் மண். சாபத்தை எடுத்து இரக்கத்துக்குக் காரணம் காட்டுகிற துணிச்சலைப் பாருங்கள். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்திருப்பது 99:6-8, மோசே, ஆரோன், சாமுவேல் பேரைச் சொல்லி, அவர்களுக்கு மன்னிக்கிற தேவனாகவும் அவர்கள் செய்கைகளுக்குப் பழிவாங்குகிறவராகவும் இருந்தீர் என்கிறது.

கடைசியாகக் கோராகு. 106:17ல் பூமி திறந்து தாத்தானை விழுங்கி அபிராமின் கூட்டத்தை மூடிப்போட்டது என்று இருக்கிறது, எண்ணாகமம் 16ல் கலகத்துக்குத் தலைமை தாங்கின கோராகின் பேர் இல்லை. உபாகமம் 11:6லும் இல்லை. இரண்டு கலகக் கதைகள் எண்ணாகமத்தில் ஒன்றாகப் பின்னப்பட்டன, சங்கீதக்காரருக்குத் தெரிந்தது ஒன்றுதான் என்பது ஒரு விளக்கம். ஆலயத்தில் பாடுகிறவர்களே கோராகின் புத்திரர், அவர்கள் எதிரில் அவர்கள் மூதாதையின் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தேகூட உண்மையாக இருக்கலாம்.

பேர் மறைந்தாலும் அந்தப் பிளவு மறையவில்லை. 55:15ல் எதிரிகள் உயிரோடே பாதாளத்தில் இறங்கட்டும் என்று சாபம், அது எண்ணாகமம் 16:30ன் வார்த்தை. அதே சங்கீதத்தின் ஒன்பதாம் வசனத்தில் அவர்கள் பாஷையைப் பிரித்துவிடும் என்று வருகிறது, எபிரெயத்தில் இரண்டு கட்டளைகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன: முதல் வினை விழுங்கு என்பது, எண்ணாகமத்தில் பூமி வாய்திறந்து செய்த அதே வினை, இரண்டாவது பிரி என்பது, பூமி பகுக்கப்பட்டதால் பேலேகு என்று பேரிட்டார்களே (ஆதியாகமம் 10:25), அந்த வேர். பாஷைகள் தாறுமாறான பாபேலும் கோராகும் ஒரே மூச்சில்.

எண்ணாகமம் 26:11ல் மக்கள்தொகைக் கணக்குக்கு நடுவே, சம்பந்தமில்லாததுபோல ஒரு துணுக்கு கிடக்கும்: கோராகின் குமாரரோ சாகவில்லை. அவர்கள் வழிவந்தவர்கள் பேரில்தான் 84ஆம் சங்கீதம் இருக்கிறது. கோராகு கேட்டது ஆசாரியப் பட்டம். பூமி பிளப்பதற்குச் சற்று முன் மோசே சபையைப் பார்த்து, இந்தத் துன்மார்க்கருடைய கூடாரங்களைவிட்டு விலகுங்கள் என்றான். 1 நாளாகமம் 26ல் கோராகின் வம்சத்தார் ஆலய வாசல் காவலர்கள். 84:10ல் அவர்கள் பாடுவது: துன்மார்க்கக் கூடாரங்களில் குடியிருப்பதைக் காட்டிலும் என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் நிற்பதையே தெரிந்துகொள்வேன்.